வரிக்குதிரையின் கடைசிக் கவளம்

செத்துப்போன வரிக்குதிரை வாயில் ஒரு தழையைக் கவ்விக்கொண்டு கிடந்தது.

"பாவம், பந்தியில உக்காந்தவனைப் பாதியில எழுப்பிக் கூட்டிட்டுப் போன மாதிரி இருக்கு," என்றான் ஜெரிப்போ. "எனக்கும் சாவு இப்படித்தான் வரணும், மேமே. வாயில ஒரு துண்டு ஆட்டுத் தொடையோட."

"உனக்கு வாயில பேச்சோடதான் வரும். தள்ளி நில்லு, நிழல் விழுது," என்றாள் தெக்லா.

ஊரே மரியாதையாக 'மேமே', அதாவது அம்மா, என்று அழைக்கும் தெக்லா கரோயஸ் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஐம்பதைத் தாண்டிய கனத்த உடம்பு. முழங்கால்கள் இரண்டும் சத்தமாகவே ஆட்சேபம் தெரிவித்தன. மாட்டுத்திருட்டுப் பிரிவில் போலீஸ் வேலை பார்த்து, மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்து, அவுட்ஜோ என்ற ஆப்பிரிக்கச் சிற்றூரில் ரொட்டிக்கடை மாடியில் ஒற்றை அறைத் துப்பறியும் அலுவலகம் போட்டிருப்பவள். அவளுடைய அம்மா வெள்ளாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவள். சட்டத்தைப் போலீஸிலும் மனிதர்களைச் சந்தையிலும் படித்தவள் என்று ஜெரிப்போ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். அவனுக்கு அந்த அலுவலகத்தில் ஓட்டுநர், உதவியாளர், ஆலோசகர் என்று பல பதவிகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நாற்காலி, அதிலும் ஒரு கால் ஆட்டம்.

"இதுல பாக்கறதுக்கு என்ன மேமே இருக்கு?" என்று கொட்டாவி விட்டார் சார்ஜென்ட் ஷிகோங்கோ. இரவெல்லாம் பிணத்துக்குக் காவல் இருந்து கழுதைப்புலிகளை விரட்டிய அசதி அவர் கண்ணில் இருந்தது. "துப்பாக்கி கையில. கத்தி இடுப்புல. வரிக்குதிரை காலடியில. நேத்து சாயங்காலம் ரோந்து ஆளுங்க வந்தப்ப அந்த கெர்சன் அப்படியே நின்னான். படம் பிடிச்சுச் சுவத்துல மாட்டலாம், அவ்வளவு கச்சிதம்."

கெர்சன் என்பவர் மார்கன்ரஸ்ட் வேட்டைப் பண்ணையில் தடம் பார்ப்பவர். இதோ கண்ணுக்கெட்டும் தூரத்தில் தெரிகிற வேலிக்கு அந்தப் பக்கம் அந்தப் பண்ணை. அங்கே அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு வருகிற விருந்தாளி வரிக்குதிரை சுடலாம், விருந்து சாப்பிடலாம், தோலைச் சுருட்டி ஊருக்கு எடுத்துப் போகலாம். வேலிக்கு இந்தப் பக்கம் ஊர்ப் பொதுக்காடு. இங்கே சுட்டால் களவு. அதிலும் இது கழுத்தில் பட்டை கட்டிய ஆண்குதிரை. ஆராய்ச்சிக்காரர்கள் கட்டிய அந்தப் பட்டை, குதிரை அசையாமல் கிடந்தால் உடனே ரோந்து ஆட்களுக்குச் சேதி சொல்லிவிடும். சொல்லிவிட்டது.

கெர்சன் சொன்னது வேறு கதை. "முதலாளி ஊவே டிட்மார் ரேடியோவில் கூப்பிட்டார். துப்பாக்கியும் தோல் உரிக்கிற கத்தியும் எடுத்துக்கொண்டு, யானை வேலியை உடைத்த இடத்துக்கு வா என்றார். வந்தேன். குதிரை செத்துக் கிடந்தது. யாரையும் காணோம்."

முதலாளி ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டார்: "நான் கூப்பிடவே இல்லை."

இன்று சாயங்காலம் லாரி வந்து கெர்சனைப் பெரிய ஊர்ச் சிறைக்கு ஏற்றிப் போகும். போய்விட்டால் வழக்கு எப்படி முடிந்தாலும் சரி, களவு வேட்டைக்காரன் என்று பெயர் வாங்கியவனை இந்த நாட்டில் எந்தப் பண்ணையும் தடம் பார்க்கச் சேர்க்காது. அவருடைய மனைவி ஆல்பெர்த்தினா காலையில் ரொட்டிக்கடை மாடி ஏறி வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், "என் வீட்டுக்காரர் பல விஷயத்துல மக்கு. பொய் சொல்றதுலயும் மக்கு," என்று மட்டும் சொன்னாள். அது போதுமாக இருந்தது தெக்லாவுக்கு.

"ஜெரிப்போ," என்றாள் அவள் இப்போது. "உங்க வீட்டு மாடு மரத்தழை திங்குமா?"

"எங்க வீட்டு மாடு பசிச்சா என் சட்டையையே திங்கும்."

"வரிக்குதிரை?"

"அது சுத்தமான புல்லு ஜாதி. தழைப் பக்கம் தலையே திருப்..." ஜெரிப்போ பாதியில் நிறுத்தினான். குனிந்து பார்த்தான்.

மொபானி மரத்துக் கொப்பு. ஒரே காம்பில் ஒட்டிப் பிறந்த இரட்டை இலைகள். பல்லுக்கு நடுவே பத்திரமாக, மாப்பிள்ளைக்கு இனிப்பு ஊட்டியது போல் செருகி வைத்திருந்தது.

"இதுவா திங்கல," என்றாள் தெக்லா. "ஊட்டியிருக்காங்க. செத்ததுக்கு அப்புறம்."

"செத்ததுக்கு அப்புறமா?"

"ஜெர்மன்காரங்க வழக்கம். டிட்மார் வீட்டுல அவர் தாத்தா காலத்துலேர்ந்து உண்டு. மிருகம் விழுந்ததும் பக்கத்துல ஒரு கொப்பு ஒடிச்சு வாயில வைப்பாங்க, கடைசிக் கவளம். இதயம் மேல் பக்கம் வர்ற மாதிரி வலது விலாவுல சாய்ச்சுப் படுக்க வைப்பாங்க. தொப்பியைக் கழட்டிட்டு நிப்பாங்க. பாரு, வலது விலாவுலதான் கிடக்கு."

"உசிரோட இருக்கும்போது குண்டு, செத்ததும் விருந்தா? நல்ல மாமியார் வீடு!"

சார்ஜென்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "கெர்சனும் அந்த வீட்டு உப்பைத் தின்னவன்தானே, மேமே. பழக்க தோஷத்துல செஞ்சிருப்பான்."

"கறி திருட வந்தவன் கவளம் ஊட்டிட்டு, தொப்பி கழட்டி அஞ்சலி செஞ்சுட்டு, ரோந்து வண்டிக்காகக் காத்துக்கிட்டு நின்னானா?" தெக்லா குதிரையின் விலாவில் ஓர் இடத்தைத் தொட்டாள். "சரி, அதை விடுங்க. சார்ஜென்ட், நீங்க வரிக்குதிரையை எங்க சுடுவீங்க?"

"இது என்ன கேள்வி? முக்கோணத்துல."

இந்தப் பக்கத்தில் இதைக் கேட்டால் பால்மணம் மாறாத பிள்ளையும் சொல்லும். வரிக்குதிரைக்கு உடம்பில் நெடுவரி, முன்னங்காலில் கிடைவரி. இரண்டும் தோளின் மேல் முட்டிக்கொள்ளும் இடத்தில் கூரைமுகடு மாதிரி ஒரு முக்கோணம் விழும். ஆண்டவன் படைக்கும்போதே 'இங்கே சுடு' என்று குறி போட்டு அனுப்பிய ஒரே மிருகம் அதுதான். அங்கே அடித்தால் தோளெலும்பு முறியும், அதற்குப் பின்னால் இதயம் இருக்கும், குதிரை நின்ற இடத்திலேயே உட்காரும். சற்றுத் தள்ளி அடித்தால் வரிக்குதிரை என்பது வரி போட்ட ரயில் வண்டி. சாயங்காலம் வரை துரத்தலாம்.

"இங்க பாருங்க," என்றாள் தெக்லா. குண்டு நுழைந்த ஓட்டை முக்கோணத்தில் இல்லை. தோளுக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி, விலாவில் இருந்தது.

"இருட்டற நேரம். குறி தப்பியிருக்கும்."

"தப்பின சூடு இவ்வளவு அழகா இருக்காது. நேரா நுரையீரல். சுட்டவங்க எங்க குறி வெச்சாங்களோ அங்கேயே பட்டிருக்கு. இது மான் சுடற இடம், சார்ஜென்ட். ஜெர்மன் சீமையில தோள்கறி வீணாகக் கூடாதுன்னு தோளுக்குப் பின்னாலதான் சுடப் பழக்குவாங்க. நம்ம ஊர்க் கை இங்க சுடாது."

ஜெரிப்போ கையைச் சொடக்கினான். "பண்ணையில ஒரு ஜெர்மன் விருந்தாளி வந்திருக்கான்! கவளமும் அவங்க ஊரு, சூடும் அவங்க ஊரு. முடிஞ்சுது கதை. வண்டியை எடுக்கட்டுமா?"

"நானும் வர்றேன்," என்றார் சார்ஜென்ட் அவசரமாக. "விசாரணைக்கு. மார்கன்ரஸ்ட்ல இந்த நேரத்துக்கு ஒரிக்ஸ் மான் கறி வறுப்பாங்க."

---

பண்ணைக்குப் பின்னால் இருந்த சுடுகளத்தில், தகரத்தில் வெட்டி வண்ணம் பூசிய வரிக்குதிரை ஒன்று நின்றது. அதைச் சுற்றியிருந்த மண்மேட்டில் ஏகப்பட்ட குண்டுக் குழிகள். குதிரையின் மேல் மட்டும் ஒரு கீறல் இல்லை. புத்தம்புதிதாக, கடையில் வாங்கிய மாதிரி மின்னியது.

அதற்கு எதிரே துப்பாக்கியோடு படுத்திருந்தவர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். பெர்ன்ட் ஹோல்ஷர். செக்கச் சிவந்த முகம், வேட்டைக்கென்றே வாங்கிய பச்சை உடுப்பு, விலைச்சீட்டை மட்டும்தான் கழற்றியிருந்தார் போலிருந்தது.

"குதிரை ரொம்ப நல்லா ஒதுங்குது," என்று ஜெரிப்போ அனுதாபமாகச் சொன்னான்.

"காத்து," என்றார் பெர்ன்ட்.

பக்கத்தில் நின்ற ஊவே டிட்மார் வாட்டசாட்டமான ஆள். முழங்காலுக்கு மேல் நிற்கிற கால்சட்டை, இந்தப் பக்கத்து ஜூலைக் குளிரிலும். "என்ன தெக்லா, கெர்சன் விஷயமா?" என்றார். "எனக்கும் வருத்தம்தான். வீட்டுல ஒருத்தன் மாதிரி இருந்தான். கேக்காம துப்பாக்கியை எடுத்திருக்கான். நான் என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம் மெனீர்," என்றாள் தெக்லா, 'ஐயா' என்பதற்கான அந்த ஊர்ச் சொல்லில். "ஒரு சின்ன சந்தேகம், விருந்தாளிகிட்ட கேட்டுட்டுப் போயிடறேன். ஜெரிப்போ, நீ வரிக்குதிரை."

"நானா?"

"பக்கவாட்டுல நில்லு."

ஜெரிப்போ நின்றான். துப்பாக்கியோடு இருப்பவருக்கு முன்னால் வரிக்குதிரையாக நிற்பதில் அவனுக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் சுடுகிற அழகைப் பார்த்துவிட்டதால், குறி வைக்கப்படும் இடமே பாதுகாப்பான இடம் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

"இவனை எங்க சுடுவீங்க, சார்?"

பெர்ன்ட் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையனாக மாறினார். "பக்கவாட்டுல நின்னா முக்கோணம். முன்னங்கால் நடுவோட மேல போய், உடம்புல மூணுல ஒரு பங்கு உயரத்துல. தோளுக்குப் பின்னால கூடவே கூடாது. எதிர்ல நின்னா கழுத்து முடியற இடத்துல, மார்புல. கொஞ்சம் திரும்பி விலகிப் போனா, அந்தப் பக்கத்துத் தோள் வழியா குண்டு வெளிய வர்ற மாதிரி மனசுல கோடு போட்டு. பின்பக்கத்தைக் காட்டினா..."

ஜெரிப்போ பின்பக்கத்தைக் காட்டினான்.

"...சுடவே கூடாது."

"நன்றி," என்றான் ஜெரிப்போ மனமார.

"வந்த நாள்லேர்ந்து இதையே மண்டையில அடிச்சு ஏத்தியிருக்கேன்," என்றார் ஊவே பெருமையாக. "மான் சூடெல்லாம் மறந்தாச்சு."

"எத்தனை வரிக்குதிரை ஆச்சு சார்?"

பெர்ன்டின் முகம் தொங்கிப்போனது. தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். மொட்டைத் தொப்பி, ஒரு தழை இல்லை. "இன்னும் ஒண்ணும் ஆகல. அனுமதிச்சீட்டு என் பேருல சட்டைப்பையில அப்படியே இருக்கு. நேத்து சாயங்காலம் நான் போகவே இல்ல. இந்தக் கறி சாப்பிட்டு வயிறு சரியில்ல."

"சத்தியம்," என்றார் சார்ஜென்ட் திடீரென்று. "ரோந்து ஆளுங்க இங்க வந்து விசாரிச்சப்ப இவரு கழிப்பறை உள்ளேர்ந்துதான் பதில் சொன்னாரு. எழுதி வெச்சிருக்கேன்."

ஜெரிப்போவின் கதை அங்கேயே படுத்துவிட்டது. விருந்தாளி குதிரைக்குக் குறி வைத்தால் மண்மேடுதான் சாகும். முதலாளியோ பிறந்தது முதல் முக்கோணத்தில் சுடுகிறவர், மான் சூட்டைக் கண்டாலே முகம் சுளிக்கிறவர். அப்படியானால் விலாவில் அவ்வளவு அழகாகச் சுட்டது யார்? மரத்தடியில் நின்று தெக்லாவின் காதைக் கடித்தான்.

"மேமே, கடையில சரக்கே தீந்துபோச்சு. திரும்பிடலாமா?"

"சாப்பாட்டு மணி அடிக்குது," என்றாள் தெக்லா. "சார்ஜென்ட் மனசு நோகக் கூடாது."

---

வராந்தாவில் நீள மேஜை. ஒரிக்ஸ் கறி வறுவல், உருளைக்கிழங்கு, பீட்ரூட் ஊறுகாய். ஊவே கூப்பிடாமல் இருக்க முடியாமல்தான் கூப்பிட்டார். அது குரலிலேயே தெரிந்தது. சார்ஜென்ட்டுக்குக் குரலெல்லாம் முக்கியமில்லை.

அப்போது உள்ளேயிருந்து பெர்ன்டின் மனைவி வந்தாள். ரோஸ்விதா. ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. கையில் தடிமனான காதல் நாவல், தலையில் அகலமான வைக்கோல் தொப்பி, அதில் நீல ரிப்பன்.

"என் மனைவி வேட்டைக்கு வரமாட்டா," என்றார் பெர்ன்ட். "பறவை பாக்கறதுதான் அவளுக்கு. நேத்து கூட ஊவேதான் பாவம் பறவை காட்டக் கூட்டிட்டுப் போனார்."

ரோஸ்விதா இருக்கையை இழுத்து உட்கார்ந்தாள். அவளுடைய தொப்பியின் ரிப்பனில், வலப்பக்கமாக, செம்பழுப்பு நிறத்தில் துணியில் தைத்தது போல் ஒரு வண்ணத்துப்பூச்சி. நல்ல ரசனை, என்று நினைத்துக்கொண்டே ஜெரிப்போ கறியை இழுத்துப் போட்டுக்கொண்டான். தெக்லாவும் அதைத்தான் பார்த்தாள் போலிருக்கிறது. ஒரு கணம் பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"அந்தக் குதிரையை நெனச்சா சோறு இறங்கல," என்றாள். "நானும் எத்தனையோ பாத்திருக்கேன். இவ்வளவு கேவலமான சூடு பாத்ததே இல்ல."

ஊவே உடனே பிடித்துக்கொண்டார். "சில பேர் சுட்டா அப்படித்தான். பேரு எதுக்கு? துப்பாக்கி எல்லாருக்கும் ஒத்துவராது."

"வயித்துல போட்டிருக்கு. குடலெல்லாம் சரிஞ்சு போச்சு."

சார்ஜென்ட் நிமிர்ந்தார். "வயித்துலயா? மேமே, அது விலா..." என்று தொடங்கினார். ஜெரிப்போ மேஜைக்கு அடியில் அவருடைய காலை அழுத்தி மிதித்தான். ஏன் மிதிக்கிறோம் என்று அவனுக்கே தெரியாது. தெக்லா பொய் சொல்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. சார்ஜென்ட் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, கண்ணில் நீரோடு உருளைக்கிழங்குக்குத் திரும்பினார்.

"பொழுது பூரா இழுத்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கும் பாவம்," என்று தெக்லா தொடர்ந்தாள். "முள்ளுல விழுந்து, எழுந்து, கத்திக்கிட்டு."

ரோஸ்விதாவின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது.

இப்போதுதான் ஜெரிப்போவுக்கு உறைத்தது. இது விசாரணை இல்லை, வியாபாரம். தெக்லாவின் அம்மா வெள்ளாட்டுச் சந்தையில் செய்வது இதைத்தான். ஆட்டைச் சுற்றி வந்து, மூக்கைச் சுளித்து, 'இது கால் ஊனமாச்சே, அடுத்த மழை தாங்காதே' என்பாள். சரக்கை மட்டம் தட்டினால் சொந்தக்காரனுக்குப் பொறுக்காது. ஆட்டின் வயசு, பல், தாய், பாட்டி, எந்தக் காட்டில் மேய்ந்தது என்று எல்லாவற்றையும் தானே கொட்டிவிடுவான்.

ஆனால் இங்கே சொந்தக்காரன் யார்?

"கசாப்புக் கடையில கூடக் கொஞ்சம் கருணை உண்டு," என்றாள் தெக்லா, பீட்ரூட்டை எடுத்துப் போட்டபடி. "இது துப்பாக்கியைத் தொடவே லாயக்கில்லாத கை. ஏதோ குடிகாரக் கை."

"அது கூப்பிடு தூரம்கூட ஓடல!"

மேஜையில் எல்லாக் கரண்டிகளும் நின்றன. ரோஸ்விதா எழுந்தே நின்றுவிட்டாள். கன்னம் இரண்டும் கனன்றன.

"வயித்துலன்னு உங்களுக்கு யார் சொன்னது? நேரா நுரையீரல்! கழுத்து மரத்துக்குப் பின்னால மறைஞ்சிருந்துது, விலாவும் தோளும் மட்டும்தான் தெரிஞ்சுது. நான் மூச்சை விட்டு, நிதானமா... வேலி உடைஞ்ச இடத்தைத் தாண்டினதும் அப்படியே சாஞ்சிடுச்சு. ஒரு சத்தம் போடல! எங்கப்பா காட்டுல தாவணி வயசுலேர்ந்து சுடறேன் நான். ஒரு மிருகத்தையும் கதற விட்டதில்ல!"

"ரோஸி," என்றார் பெர்ன்ட் மெதுவாக. "நீ பறவை பாக்கப் போனேன்னு சொன்னியே?"

"பறவையும் பாத்தேன்."

தெக்லா கரண்டியைக் கீழே வைத்தாள். "மன்னிக்கணும் மேடம். நான் சொன்னது பூராவும் பொய். அருமையான சூடு. ரொம்ப நாள் கழிச்சு இப்படி ஒண்ணு பாக்கறேன்." தலையைச் சாய்த்தாள். "தொப்பில இருக்கறது மொபானி இலைதானே? கவளம் மாதிரி அதுவும் உங்க வழக்கம், சுட்டவங்க தொப்பிக்கு வலப்பக்கம், மிருகத்தோட ரத்தத்துல தொட்டுச் செருகிக்கறது. அடியில ரிப்பன்ல கறை இருக்கு."

ஜெரிப்போ வண்ணத்துப்பூச்சியை மறுபடி பார்த்தான். ஒரே காம்பில் ஒட்டிப் பிறந்த இரட்டை இலை, காய்ந்து சிவந்து, சிறகு விரித்தாற்போல. வாயிலிருந்த கறி ருசி மறந்துவிட்டது.

"என்னோட முதல் ஆப்பிரிக்க மிருகம்," என்றாள் ரோஸ்விதா. குரல் தணிந்திருந்தது. "கழட்டி எறியச் சொன்னார் ஊவே. எறியறதா? அதுக்கு நான் என்ன மரியாதை செஞ்சதா ஆகும்? அதான் அலங்காரம் மாதிரி வெச்சுக்கிட்டேன்."

ஊவே சிரிக்க முயன்றார். "கேளுங்க, குதிரை நின்னது நம்ம பக்கம்தான். அனுமதிச்சீட்டு இவங்க பேருல இல்ல, அது ஒரு சின்ன... விருந்தாளி ஆசைப்பட்டாங்க. அந்தப் பக்கம் போய் விழும்னு யாருக்குத் தெரியும்? பட்டை கட்டியிருக்கும்னு யாருக்குத் தெரியும்? இதுல ஒருத்தருக்கும் நஷ்டம் இல்லையே."

"கெர்சன் நேத்துலேர்ந்து லாக்கப்புல இருக்கான்," என்றாள் தெக்லா.

ரோஸ்விதா திரும்பினாள். அந்தத் திருப்பத்தைப் பார்த்த ஜெரிப்போ, தான் வரிக்குதிரையாகப் பிறக்காததற்கு ஆண்டவனுக்கு நன்றி சொன்னான்.

"லீவுல ஊருக்குப் போயிருக்கார்னு சொன்னீங்க!"

"மேடம், அது..."

"காட்டு அதிகாரிங்களுக்குச் சேதி சொல்லியாச்சு, அபராதம் கட்டி முடிச்சாச்சுன்னு சொன்னீங்க! தோலை உரிக்க கெர்சனை ரேடியோவுல கூப்பிட்டதே நீங்கதானே? நான் பக்கத்துல நிக்கறேன்! அதுக்கப்புறம்தான் மண்ணைத் துடைச்சுப் பட்டையைப் பாத்தீங்க. பாத்ததும் இந்த மனுஷன் என்ன செஞ்சார் தெரியுமா?" இப்போது அவள் மேஜைக்கே சொன்னாள். "குதிரை வாயிலேர்ந்து கவளத்தைப் பிடுங்கப் போனார்! கையைத் தட்டிவிட்டேன். செத்தது வாயிலேர்ந்து சோத்தைப் பிடுங்கறவன் என்ன வேட்டைக்காரன்?"

ஊவே தட்டைத் தள்ளி வைத்தார். அந்த ஒரு கொப்பைப் பிடுங்கியிருந்தால் அவர் இப்போது நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார். அது அவருக்கும் தெரிந்தது.

சார்ஜென்ட் இன்னொரு துண்டு கறியை முடித்து, வாயைத் துடைத்து, தொப்பியை மாட்டினார். மாட்டியதும் ஆளே மாறிவிட்டார். "மெனீர், வண்டியில ஏறுங்க. மேடம், அந்தத் தொப்பி சாட்சிப் பொருள். கொடுங்க."

"தொப்பியைத் தர முடியாது," என்றாள் ரோஸ்விதா. "வேணும்னா தொப்பியோட நான் வரேன்."

வந்தாள். தெக்லாவின் வண்டியில் முன்னிருக்கையில், முதுகை நிமிர்த்தி. ஜெரிப்போவைப் பின்னால் ஸ்டெப்னி டயரோடு உட்காரச் சொல்லிவிட்டு, தெக்லாவே ஓட்டினாள். வாசலில் நின்ற பெர்ன்ட், "அப்ப நாளைக்கு என்னை யார் கூட்டிட்டுப் போவாங்க?" என்று கேட்டது புழுதியில் யாருக்கும் கேட்கவில்லை.

---

கெர்சனை அடைத்திருந்த ஹோராப் காவல் நிலையத்தின் வாசலில் லாரி ஏற்கெனவே வந்து நின்றது. ஆல்பெர்த்தினா சுவரோரமாக நின்றிருந்தாள், இப்போதும் உட்காரவில்லை.

ரோஸ்விதா சொன்னதை சார்ஜென்ட் எழுதி வாங்கினார். உள்ளே போய்க் கம்பிக் கதவைத் திறந்தார். "வெளிய வா கெர்சன். முடிஞ்சுது."

"முடியல," என்றார் கெர்சன். பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. கட்டை குட்டையான மனிதர், கையை மடியில் வைத்துக்கொண்டு மாதாகோயிலில் இருப்பது போல் உட்கார்ந்திருந்தார்.

"யோவ், விடுதலைய்யா!"

"நேத்து இதே இடத்துல நின்னு, நான் பொய் சொல்றேன்னு மெனீர் சொன்னார். என் பொண்டாட்டி கேட்டுக்கிட்டு நின்னா. அவ கேக்கும்போதே மாத்திச் சொல்லட்டும். அதுவரைக்கும் நான் இங்கேயே இருக்கேன்."

சார்ஜென்ட் தெக்லாவைப் பார்த்தார். தெக்லா கூரையைப் பார்த்தாள். எல்லோரும் ஊவேயைப் பார்த்தார்கள்.

ஊவே தொண்டைக்குள் என்னவோ சொன்னார்.

"வரிக்குதிரை கனைச்ச மாதிரி இருக்கு," என்றான் ஜெரிப்போ. "மனுஷ பாஷையில வேணும்."

"கூப்பிட்டேன்," என்றார் ஊவே.

"யாரு யாரை?"

"நான். கெர்சனை."

கெர்சன் தலையை ஆட்டினார். "வீட்டுக்காரி வாசல்ல நிக்கறா மெனீர். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"அப்படியா மேமே?" என்று ஜெரிப்போ கிசுகிசுத்தான். "காலையில நான் படிக்கட்டுல முணுமுணுத்ததுக்கே திட்டினாளே?"

"சும்மா இரு."

ஊவே டிட்மார் மூச்சை இழுத்துப் பிடித்தார். வேட்டைக் களத்தில் ஆட்களை விரட்டிப் பழகிய குரல், நிலையம் முழுக்க எதிரொலித்தது. "நான்தான் கெர்சனை ரேடியோவில் கூப்பிட்டேன்! அவன் சொன்னது உண்மை!"

வெளியே லாரி ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். வாசலிலிருந்து ஆல்பெர்த்தினாவின் குரல் வந்தது.

"இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்க!"

இன்னொரு தரம் சொன்னார்.

கெர்சன் எழுந்தார். பெஞ்சுக்கு அடியிலிருந்து செருப்பை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். வந்தவர், சார்ஜென்ட் கையிலிருந்த கம்பிக் கதவைத் தானே வாங்கி, முதலாளிக்காக அகலத் திறந்து பிடித்தார்.

"வாங்க மெனீர். நிலை தாழ்வா இருக்கும். குனிஞ்சு."